ஆய்வாளரின் தனிமின்னாவணமும் சான்றின் தொடர்ச்சியும்: மம்சாபுரத்தை முன்வைத்து ஒரு விமர்சன நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

தமிழாய்வில் ஈடுபடும் ஒவ்வொருவரிடமும் இன்று ஆயிரக்கணக்கான மின்கோப்புகள் உள்ளன. அவை சேகரிப்பாக உள்ளனவேயன்றி ஆவணமாக உருப்பெறவில்லை. ஆய்வாளர் உடனில்லாத நிலையில் பிறரொருவர் ஒரு சான்றைக் கண்டடைந்து சரிபார்க்க இயலுமா என்பதே தனிமின்னாவணத்தின் தரத்தை அளக்கும் கோல் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், மதுரைத் திட்டம், நூலகம் ஆகிய மூன்று முன்மாதிரிகளை இக்கோலால் மதிப்பிட்டு, விருதுநகர் மாவட்டம் மம்சாபுரத்தைக் களமாகக் கொண்டு ஊர்ப்பெயர், மாவட்ட எல்லை, காலக்குறிப்பு, எழுத்துக் குறியேற்றம் ஆகியவற்றால் எழும் சிக்கல்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தனிமின்னாவணம், விவரக்குறிப்பு, மூலத்தடம், ஒருங்குறி, மம்சாபுரம், சான்று.

1. முன்னுரை

முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவரின் மடிக்கணினியைத் திறந்து பார்த்தால் ‘புதிய கோப்புறை’, ‘புதிய கோப்புறை 2’, ‘முக்கியம்’, ‘இயல் மூன்று இறுதி’, ‘இயல் மூன்று இறுதி திருத்தியது’ என்னும் பெயர்களைக் காணலாம். பிடிஎஃப் நூல்களும் கைபேசிப் படங்களும் ஒலிப்பதிவுகளும் தட்டச்சுக் குறிப்புகளும் அவற்றுள் கலந்து கிடக்கின்றன. ஆய்வேடு எழுதப்படும் காலம்வரை இக்குழப்பம் பெரிதாக வெளித்தெரிவதில்லை. எந்தக் கோப்பு எங்கிருந்து வந்தது என்பதை ஆய்வாளரின் நினைவு ஈடுசெய்துவிடுகிறது. வாய்மொழித் தேர்வு முடிந்து ஐந்தாண்டு கழிந்தபின் அதே ஆய்வாளரே தம் அடிக்குறிப்பொன்றின் மூலத்தைத் தேடிக் காணாமல் திகைக்கும்போதுதான் சிக்கல் வெளிப்படுகிறது.

இதனைத் தனிமனித ஒழுங்கின்மை என ஒதுக்கிவிட இயலாது. நூலகங்களைச் சென்றடையாத சிறுவெளியீடுகள், குடும்ப ஆவணங்கள், வழக்காற்றுப் பதிவுகள் ஆகியவற்றை நம்பி எழுதப்படும் ஆய்வுகள் பெருகியுள்ளன. அத்தகைய ஆய்வில் சான்றின் ஒரே படி ஆய்வாளரின் கையிலுள்ள மின்கோப்பாகவே பெரும்பாலும் அமைகிறது. அக்கோப்பு அழிந்தாலும், எது என அறியவொண்ணாமற் போனாலும், அதன்மேல் எழுப்பப்பட்ட முடிவு சரிபார்க்க இயலாத கூற்றாகிவிடும். ஆகவே தனிமின்னாவணத்தைக் கணினிப் பழக்கத்தின் பகுதியாகக் கருதாமல் ஆய்வு நெறிமுறையின் பகுதியாகக் கருதவேண்டியுள்ளது.

2. சேகரிப்பு ஆவணமாதல்

தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் மூலத்தடம் பேணும் மரபு புதியதன்று. சீவக சிந்தாமணியை 1887இலும் புறநானூற்றை 1894இலும் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், தமக்குக் கிடைத்த ஏட்டுப்பிரதிகளின் இடத்தையும் உடையவரையும் முகவுரைகளில் குறித்துச் செல்கிறார். நன்றியறிதலாகத் தோன்றும் அப்பகுதி, பாடம் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைப் பிற்காலத்தவர் அறிய உதவும் விவரக்குறிப்பாகவும் அமைகிறது. அவர் 1942இல் மறைந்தபின் 1943இல் அவர் பெயரால் நூலகம் அமைந்தது. சுவடிகள் நிறுவனமொன்றின் காவலுக்கு வந்தன. எஸ். வையாபுரிப்பிள்ளையின் நூற்றொகுதி கல்கத்தா தேசிய நூலகத்தில் அவர் பெயரிலேயே தனித்தொகுதியாகப் பேணப்படுகிறது. இருவர் தொகுப்பும் உடையவரின் காலத்தைக் கடந்து நின்றதற்கு நிறுவனக் காவலும் பட்டியலும் காரணங்களாயின.

ரோஜா முத்தையாவின் சேகரிப்பு இன்னும் கூர்மையான பாடத்தைத் தருகிறது. கோட்டையூரில் அவர் தொகுத்தவற்றுள் நூல்களோடு இதழ்கள், நாடக அறிவிப்புகள், துண்டறிக்கைகள், திருமண அழைப்பிதழ்கள், கடிதங்கள் போன்ற, பிறர் எடைக்குப் போட்டுவிடும் தாள்களும் இருந்தன. 1992இல் அவர் மறைந்தார். சிகாகோப் பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. அது தமிழகத்தைவிட்டு வெளியேறாமல் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக உருப்பெற்றது. அதன்பின் நடந்த பட்டியலிடலும் நுண்படமாக்கலுமே ஒரு தனிமனிதரின் வேட்கையை ஆய்வுலகின் பொதுச்சொத்தாக்கின.

இந்நிகழ்வு பெரும்பாலும் வியப்புணர்வோடு மட்டுமே பேசப்படுகிறது. அதன் மறுபக்கத்தையும் காணவேண்டும். தொகுத்தவர் மறைந்த வேளையில் தக்க நிறுவனம் முன்வந்தது ஒரு நல்வாய்ப்பு. எல்லாச் சேகரிப்புக்கும் அது கிட்டுவதில்லை. தாளாலான தொகுப்பு சில ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தாலும், வருபவர் நூலைப் புரட்டிப் பார்த்துத் தலைப்பையும் ஆண்டையும் அறிந்துகொள்ள முடியும். மின்தொகுப்புக்கு அந்தக் கால அவகாசம் இல்லை. கடவுச்சொல் தெரியாத கணக்கும் இயங்காத வன்தட்டும் புரட்டிப் பார்க்க இடந்தருவதில்லை. விவரக்குறிப்பைப் பின்னர் ஒருவர் வந்து எழுதிக்கொள்ளலாம் என்னும் எண்ணம் தாளுக்கு ஓரளவு பொருந்தும், மின்கோப்புக்குப் பொருந்தாது.

3. மின்வெளியின் இரு முன்மாதிரிகள்

1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், சுவிட்சர்லாந்தின் லோசானில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரத்தின் ஒருங்கிணைப்பில் பல நாட்டுத் தன்னார்வலர்களால் வளர்ந்தது. தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சிட்டுக் கட்டணமின்றி வழங்குவது அதன் பணி. ஒவ்வொரு மின்பதிப்பின் தலைப்பகுதியிலும் தட்டச்சிட்டவர், மெய்ப்புப் பார்த்தவர், கோப்பை உருவாக்கியவர் ஆகியோரின் பெயர்கள் இடம்பெறுகின்றன. பனுவல் யார் கைகளைக் கடந்து வந்தது என்பதை இவ்வழக்கம் பதிவுசெய்கிறது. எனினும் தொடக்ககால மின்பதிப்புகள் சிலவற்றில் எந்த அச்சுப்பதிப்பிலிருந்து பனுவல் எடுக்கப்பட்டது என்னும் குறிப்பு விரிவாக இல்லை. சொல்லைத் தேடும் வசதி கிட்டுகிறது. பாடத்தை உறுதிசெய்ய மீண்டும் அச்சுநூலை நாடவேண்டியுள்ளது.

2005இல் தொடங்கிய நூலகம் என்னும் ஈழத்துத் தமிழ் மின்னூலகம் வேறொரு வழியைத் தேர்ந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன என்னும் நினைவு அம்முயற்சியின் பின்புலத்தில் உண்டு. அங்கு ஒவ்வோர் ஆவணத்துக்கும் தனி எண் வழங்கப்படுகிறது. ஆசிரியர், வகை, மொழி, வெளியீட்டாளர், வெளியீட்டாண்டு, பக்க எண்ணிக்கை முதலிய விவரங்கள் தனிப்பக்கத்தில் பதியப்படுகின்றன. நூலின் பக்கப் படிமம் கிடைப்பதால் பாடத்தைக் கண்ணால் சரிபார்க்கலாம். ஆனால் படிமத்துக்குள் சொல்தேடுவது, எழுத்துணரி கொண்டு பனுவலாக்கப்பட்டாலன்றி இயலாது.

மூன்று முன்மாதிரிகளையும் ஒப்பிடும்போது, பொருளின் மூலத்தடம், தேடவல்ல பனுவல், சரிபார்க்கவல்ல படிமம் என மூன்று கூறுகள் தெளிவாகின்றன. முதலாவதை ரோஜா முத்தையா நூலகமும், இரண்டாவதை மதுரைத் திட்டமும், மூன்றாவதை நூலகமும் சிறப்பாக உணர்த்துகின்றன. தனியாய்வாளர் இப்பெருந்திட்டங்களின் அளவை எட்டவேண்டியதில்லை. தாம் மேற்கோள் காட்டும் ஒவ்வொரு சான்றுக்கும் இம்மூன்றையும் ஒரே எண்ணால் இணைத்துவைத்தால் போதுமானது. நம் ஆய்வாளர் பலரிடம் இவற்றுள் ஏதேனும் ஒன்றே உள்ளது. பெரும்பாலும் அது மூலத்தடமற்ற படிமமாக இருக்கிறது.

இதனோடு தொடர்புடைய மேற்கோள் வழக்கமொன்றும் விமர்சனத்துக்குரியது. இணையத்தில் கிடைத்த மின்பதிப்பைப் படித்துவிட்டு, அடிக்குறிப்பில் அச்சுப்பதிப்பின் பெயரை மட்டும் தருவது இயல்பாகிவிட்டது. இணையக் குறிப்பு ஆய்வேட்டின் மதிப்பைக் குறைக்கும் என்னும் தயக்கம் இதற்குக் காரணமாகலாம். ஆனால் படித்தது ஒன்று, காட்டுவது மற்றொன்று என்றானபின் தட்டச்சுப் பிழையும் பாடவேறுபாடாகத் தோற்றமளிக்கும். படித்த வடிவத்தைப் படித்தவாறே குறிப்பதுதான் நேர்மை; அதுவே பிழையைத் திருத்தும் வழியும் ஆகும்.

4. மம்சாபுரம்: பெயரும் எல்லையும் காலமும்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், திருவில்லிபுத்தூருக்கும் இராசபாளையத்துக்கும் அருகே அமைந்த பேரூராட்சி மம்சாபுரம். ஒருபுறம் ஆழ்வார் மரபின் நகரம்; மறுபுறம் தமிழோடு தெலுங்கும் வழங்கும் நெசவாலை நகரம். இத்தகைய ஊரைப் பற்றிய தரவுகளைத் தொகுக்கும் ஆய்வாளருக்கு முதலில் எழும் வினா, ஊரை எம்மாவட்டத்தின்கீழ் வகைப்படுத்துவது என்பதாகும்.

திருவில்லிபுத்தூர் வட்டாரம் 1910வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அவ்வாண்டு இராமநாதபுரம் மாவட்டம் அமைக்கப்பட்டபோது அதனுடன் இணைக்கப்பட்டது. 1985இல் இராமநாதபுரம் மாவட்டம் பிரிக்கப்பட்டுக் காமராசர் மாவட்டம் உருவாயிற்று. 1997இல் அது விருதுநகர் மாவட்டம் எனப் பெயர்மாறியது. ஆகவே மம்சாபுரத்தைச் சேர்ந்த 1905ஆம் ஆண்டுப் பத்திரம், 1950ஆம் ஆண்டு அச்சு நோட்டீசு, 1990ஆம் ஆண்டுத் திருவிழா அழைப்பிதழ், இன்றைய களப்பதிவு ஆகிய நான்கும் நான்கு மாவட்டப் பெயர்களைத் தாங்கியிருக்கும். ‘விருதுநகர் மாவட்டம்’ என்னும் கோப்புறைக்குள் அனைத்தையும் இட்டால் ஆவணத்தின் சொற்கள் மறைந்துவிடும். ஆவணத்தில் உள்ளவாறே பிரித்தால் ஊரின் ஒருமை சிதறிவிடும். மூலத்தில் உள்ள பெயரை ஒரு புலத்திலும், இன்றைய நிருவாகப் பெயரை மற்றொரு புலத்திலும் தனித்தனியே பதிவதே தக்கது. வரலாற்றுப் பெயரைத் ‘திருத்தி’ எழுதுவது சான்றை மாற்றுவதாகும்.

ஊர்ப்பெயரின் எழுத்துவடிவமும் இவ்வாறே பலவாகிறது. திருவில்லிபுத்தூர், சீவில்லிபுத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் என்றும், இராசபாளையம், இராஜபாளையம், ராஜபாளையம் என்றும் ஒரே ஊர் பலவாறு எழுதப்படுகிறது. ஆட்பெயருக்கும் இது பொருந்தும். கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் ஆண்டாளை முன்வைத்துப் பாடிய ஆமுக்தமால்யதாவைத் தமிழாக்கிச் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசைப் பெற்றவர் இராசபாளையத்தைச் சேர்ந்த மு.கு. ஜகந்நாத ராஜா. அவர் பெயரை ஜெகந்நாத, ஜகன்னாத எனத் தொடங்கியும், பின்னொட்டைச் சேர்த்தும் பிரித்தும் எழுதுவோர் உளர். ஆய்வாளர் தமக்கென ஒரு பெயர்ப்பட்டியல் வைத்து, தேர்ந்த வடிவம் ஒன்றையும் அதன் மாற்று வடிவங்கள் அனைத்தையும் அதில் இணைக்காவிடில், தம் கணினியிலுள்ள சான்றையே அவர் இல்லையெனக் கருத நேரும்.

காலக்குறிப்பு மூன்றாவது சிக்கல். தென்மாவட்டப் பழம்பத்திரங்களிலும் சுவடிகளிலும் கொல்லம் ஆண்டு வழங்குவதுண்டு. அதனுடன் 824 அல்லது 825ஐக் கூட்டினால் கிறித்து ஆண்டு கிடைக்கும். இரண்டில் எது என்பதை மாதமே முடிவுசெய்யும். சிற்றிலக்கிய வெளியீடுகளும் அழைப்பிதழ்களும் அறுபதாண்டுச் சுழற்சிப் பெயரை மட்டும் தருவதுண்டு. பிரபவ ஆண்டு என்றால் 1867, 1927, 1987 ஆகிய மூன்றும் அதில் அடங்கும். அச்சகத்தின் பெயர், எழுத்தின் வடிவம், தாளின் இயல்பு முதலிய புறச்சான்றுகளாலேயே இவற்றுள் ஒன்றைத் தேர்கிறோம். அத்தேர்வு ஆய்வாளரின் ஊகம். ஆவணம் தரும் ஆண்டையும் ஆய்வாளர் கணித்த ஆண்டையும் கணிப்புக்கான காரணத்தையும் தனித்தனியே பதியவேண்டும். இல்லையேல் ஓர் ஊகம் சில ஆண்டுகளில் ஆவணச்செய்தியாக மாறிப் பிறரால் மேற்கோள் காட்டப்படும்.

5. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு

தமிழ் மின்னாவணத்துக்கே உரிய இடர் எழுத்துக் குறியேற்றம். 1990களில் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கெனக் குறியேற்றம் கொண்டிருந்தது. திஸ்கி ஒருபுறம் வளர்ந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி டாம், டாப் என்னும் தரங்கள் வந்தன. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியையும் அனைத்தெழுத்துத் தரமான டேஸ் 16ஐயும் ஏற்றது. இதற்கிடையே தட்டச்சிடப்பட்ட ஆய்வேடுகள் பலவற்றைத் திறந்தால், உரிய எழுத்துரு இன்றிப் பொருளற்ற குறிகளே தோன்றுகின்றன. பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் திரட்டும் சோத்கங்கா தளத்திலும் இத்தகைய கோப்புகளைக் காணலாம். பார்வைக்குத் தமிழாகத் தெரிந்தாலும் அவற்றுள் தமிழ்ச்சொல்லைத் தேட இயலாது. பழைய கோப்பை ஒருங்குறிக்கு மாற்றிய பிறகும் மூலக்கோப்பை அழித்துவிடலாகாது. மாற்றியின் பிழையைக் கண்டறிய அதுவே துணை.

ஒருங்குறிக்கு மாறியவுடன் சிக்கல் தீர்ந்ததெனக் கருதுவோர்க்கு ஸ்ரீவில்லிபுத்தூர் என்னும் பெயரே விடையளிக்கும். ‘ஸ்ரீ’ என்னும் எழுத்தை ஸகர மெய்யோடு ‘ரீ’ சேர்த்தும் குறியேற்றலாம். 2005இல் ஒருங்குறியின் 4.1ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்ட ஶகர மெய்யோடு ‘ரீ’ சேர்த்தும் குறியேற்றலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவில் தோன்றும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் ஊர்ப்பெயர் கணினிக்கு இரண்டு பெயர். ஒன்றைத் தேடினால் மற்றது வாராது. கொம்பும் காலும் இணைந்த ஒகர, ஓகார உயிர்மெய்களையும் ஒரே குறியாகவோ இரு குறிகளாகவோ சேமிக்கமுடியும். அவற்றை இயல்புவடிவாக்கம் செய்யாத தேடுகருவி ‘கோயில்’ என்னும் சொல்லில் பாதியைத் தவறவிடும். ‘கௌரவம்’ என்பதைக் கொம்பும் ளகரமும் இட்டுத் தட்டச்சிடுவது இன்னொரு பரவலான பிழை. இதனை இயல்புவடிவாக்கமும் திருத்தாது.

பழைய அச்சுநூல்களில் தமிழ் எண்களும் இடர்தருகின்றன. ஒன்றைக் குறிக்கும் எண் ககரமாகவும், ஏழு எகரமாகவும், எட்டு அகரமாகவும், பத்து யகரமாகவும் தட்டச்சில் மாறிவிடுகின்றன. பதிப்பாண்டு இவ்வாறு எழுத்துக்கோவையாகிவிட்டால் ஆண்டுவாரியான வரிசைப்படுத்தல் பயனற்றதாகும். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய னா, றா, ணா, லை, னை முதலியவற்றின் பழைய வடிவங்களை எழுத்துணரிகள் தவறாக உணர்வதும் உண்டு. எனவே எழுத்துணரி தந்த பனுவலைச் ‘சரிபார்க்கப்பட்டது’, ‘சரிபார்க்கப்படாதது’ என வெளிப்படையாகக் குறிப்பது இன்றியமையாதது. சொல்லடைவு, நிகழ்வெண் ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்ட ஆய்வுகள் இக்குறிப்பின்றி முன்வைக்கும் எண்ணிக்கைகள் ஐயத்துக்குரியவை.

6. ஒரு சிறுநூலின் இழப்பு

இக்கட்டுரையாளரின் தவறொன்றை இங்குச் சுட்டுவது பொருத்தமாகும். களப்பணியின் தொடக்கத்தில் மம்சாபுரத்து வீடொன்றில் கும்மிப்பாட்டுச் சிறுநூல் ஒன்று காணக்கிடைத்தது. மேலட்டை கிழிந்திருந்தது. பாடல்கள் உள்ள பக்கங்கள் கைபேசியில் படமெடுக்கப்பட்டன. அச்சக விவரம் இருந்திருக்கக்கூடிய இறுதிப்பக்கம் எடுக்கப்படவில்லை. படங்கள் வாட்ஸ்அப் வழியாக மற்றொரு கைபேசிக்கு அனுப்பப்பட்டன; இடப்பற்றாக்குறையால் முதல் கைபேசியிலிருந்து நீக்கப்பட்டன. அச்செயலி படத்தைச் சுருக்குவதோடு எடுக்கப்பட்ட நேரம், கருவி முதலிய உள்விவரங்களையும் நீக்கிவிடும் என்பது அப்போது கருத்தில் படவில்லை. ஈராண்டுக்குப்பின் மீண்டும் சென்றபோது வீடு இடித்துக் கட்டப்பட்டிருந்தது. பழந்தாள்களோடு அந்நூலும் எடைக்குப் போயிருந்தது. எஞ்சிய படங்களில் பாட்டு உள்ளது. ஆசிரியர், அச்சகம், ஆண்டு எதுவும் இல்லை. அப்பாட்டைக் கொண்டு ஆய்வேட்டில் எதனையும் நிறுவ இயலவில்லை.

அன்று தேவைப்பட்டவை உயர்விலைக் கருவிகள் அல்ல. சில நிமிடமும் ஒரு வரிசையும் போதுமாயிருந்தன. அவ்வனுபவத்தின் அடிப்படையில் குறைந்த அளவு நெறிமுறை ஒன்றை முன்மொழியலாம். நூலாயின் அட்டை முதல் அட்டைவரை, வெற்றுப்பக்கம் உட்பட, எல்லாப் பக்கங்களையும் படமெடுத்தல். அளவுகோல் ஒன்றை உடன்வைத்து ஒரு படமேனும் எடுத்தல். களத்தைவிட்டு வெளியேறுமுன் எண்ணிடல். எண் பொருளற்ற வரிசையெண்ணாக இருப்பதே நன்று. கோப்புப்பெயரில் ஊர், ஆண்டு, தலைப்பு அனைத்தையும் ஏற்றினால், ஆண்டுக்கணிப்பு மாறும்போது பெயரும் மாறி, முன்பு காட்டிய மேற்கோள்கள் அறுந்துபோகும். விவரங்கள் அட்டவணையில் இருக்கட்டும். எண் மட்டும் கோப்பில் இருக்கட்டும்.

அட்டவணைக்குப் பத்துப் புலங்கள் போதும். அவை: வரிசையெண், மூலத்தில் உள்ளவாறு தலைப்பு, ஆசிரியர், அச்சகமும் இடமும், மூலம் தரும் காலம், கணித்த காலமும் காரணமும், கிடைத்த இடமும் நாளும், தந்தவரின் இசைவு நிலை, கோப்புகளின் எண்ணிக்கை, பனுவலின் சரிபார்ப்பு நிலை. அட்டவணையை எக்செல் வடிவில் மட்டும் வையாமல், எந்த மென்பொருளும் திறக்கவல்ல எளிய உரைவடிவிலும் வைக்கவேண்டும். 2006இல் வெளிவந்த ஜோட்டெரோ போன்ற மேற்கோள் மேலாண்மைக் கருவிகளும், படங்களை ஒழுங்குசெய்ய 2017இல் வந்த டிராபியும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. எக்கருவியைப் பயன்படுத்தினாலும் விவரங்களைப் பொதுவடிவில் ஏற்றுமதிசெய்து வைப்பது தேவை. கருவியை மாற்றலாம், விவரம் கருவியோடு மறையலாகாது.

பேணலைப் பொறுத்தவரை மூன்று படிகள், இரு வேறு ஊடகங்கள், ஒரு படி வேறு ஊரில் என்னும் எளிய விதி பரவலாக ஏற்கப்பட்டது. நடைமுறையில் மடிக்கணினியும் வன்தட்டும் ஒரே பையில் பயணம்செய்கின்றன. பை தொலைந்தால் இரண்டும் தொலையும். மேகச் சேமிப்பில் ஒத்திசைவு வேறு, காப்புப்படி வேறு என்பதும் உணரப்படுவதில்லை. ஒத்திசைவில் ஓரிடத்தில் தவறி அழித்த கோப்பு எல்லா இடங்களிலும் அழிந்துவிடும். பதிவுக்காலம் முடிந்ததும் மூடப்படக்கூடிய நிறுவனக் கணக்கில் மட்டும் தரவுகளை வைப்பது மற்றோர் இடர். மூலப்படிமத்தைத் திருத்தாமல் ஒரு படி ஒதுக்கி, வெட்டுதல், ஒளிகூட்டல் முதலியவற்றைப் பிறிதொரு படியில் செய்யவேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை கோப்புகளைத் திறந்துபார்ப்பதும், சரிபார்தொகையைக் கணித்து முன்னைய தொகையோடு ஒப்பிடுவதும் மௌனமாக நிகழும் சிதைவைக் காட்டும்.

7. இசைவும் உரிமையும்

வீட்டுப்பெட்டியிலிருந்து எடுத்துத் தரப்படும் பத்திரமோ கடிதமோ ஆய்வாளருக்குத் தரவு. தருபவருக்கு அது குடும்பம். நிலத்தகராறு, மணமுறிவு, சாதிசார்ந்த செய்தி ஆகியவை அதில் இருக்கக்கூடும். படிக்க இசைவது வேறு, படமெடுக்க இசைவது வேறு, இணையத்தில் வெளியிட இசைவது வேறு. ‘ஐயா, ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளட்டுமா’ என்னும் ஒரு கேள்விக்குக் கிடைத்த தலையசைப்பை மூன்றுக்குமான இசைவாகக் கொள்வது அறமாகாது. இம்மூன்றையும் தனித்தனியே கேட்டு அட்டவணையில் பதிதல் வேண்டும். எடுத்த படங்களின் ஒரு தொகுதியைத் தந்தவர் குடும்பத்துக்கு வழங்குவதும் கடமையாகும். மம்சாபுரத்துச் சிறுநூலுக்கு அவ்வாறு முழுப்படி ஒன்று அக்குடும்பத்தாரிடம் இருந்திருப்பின், மூலம் அழிந்தபின்னும் பாட்டு தன் முகவரியோடு எஞ்சியிருக்கும்.

பதிப்புரிமையையும் தெளிவாக உணரவேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியரின் வாழ்நாளில் வெளியான இலக்கியப் படைப்புக்கு அவர் மறைவுக்குப்பின் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். ஆய்வு உள்ளிட்ட சொந்தப் பயன்பாட்டுக்கு நியாயமான அளவில் கையாள அச்சட்டம் இடமளிக்கிறது. அந்த இடம் முழுநூலையும் குழுக்களில் பகிர்வதற்கான உரிமையாகாது. அதனால் தனியாவணத்தில் பொதுவெளிக்குரியவை, ஆய்வாளர் மட்டும் காண்பவை, குறித்த காலத்துக்குப்பின் திறக்கத்தக்கவை எனப் பிரிவுகள் தேவைப்படுகின்றன. படிமத்தை வெளியிட இயலாத இடத்திலும் விவரக்குறிப்பை வெளியிடலாம். இத்தகைய ஆவணம் உள்ளது, இவ்விடத்தில் காணப்பட்டது என்னும் செய்தியே அடுத்த ஆய்வாளருக்குப் பெருந்துணை.

8. ஆய்வேட்டுக்குப் பின்

இவ்வளவு உழைப்பையும் உதவித்தொகைக் காலத்துக்குள் ஆய்வேட்டை முடிக்கவேண்டிய தனியாய்வாளர் மேல் சுமத்துவது முறையா என்னும் வினா எழலாம். அது நியாயமான வினா. முழுப் பொறுப்பையும் ஆய்வாளரிடம் விட்டுவிடுவது நிறுவனங்களின் கடமையை மறைப்பதாகும். பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் ஆய்வேட்டின் மின்படியை ஒப்படைக்கச் செய்கின்றன. ஆய்வேட்டைத் தாங்கும் மூலச்சான்றுகளின் நிலையைப் பற்றி நம் துறைகள் பெரும்பாலும் கேட்பதில்லை. முடிவு பொதுவெளியில் உள்ளது. ஆதாரம் எவர் வீட்டு வன்தட்டிலோ உள்ளது. பின்னிணைப்பில் சான்றுப் பட்டியல் ஒன்றைக் கட்டாயமாக்குவதும், பட்டியலிட்ட கோப்புகளின் ஒரு படியைத் துறை நூலகம் பெற்றுக்கொள்வதும் பெருஞ்செலவின்றி இயலக்கூடியவை.

தரவை ஒப்படைத்தால் பிறர் முந்திக்கொண்டு எழுதிவிடுவர் என்னும் அச்சமும் புறந்தள்ளத்தக்கதன்று. இதற்கு மறைத்தல் தீர்வாகாது. காலவரம்பிட்ட ஒப்படைப்பே தீர்வாகும். ஐரோப்பிய அணுக்கரு ஆய்வு மையத்தின் துணையோடு 2013இல் தொடங்கிய ஜெனோடோ போன்ற களஞ்சியங்கள் கோப்புக்கு நிலையான டிஓஐ எண் வழங்குகின்றன. குறித்த நாள்வரை அணுக்கத்தைத் தடுத்துவைக்கவும் இடந்தருகின்றன. தொகுத்தவரின் பெயரும் நாளும் பதிவாவதால் உழைப்புக்குரிய மதிப்பும் பாதுகாக்கப்படுகிறது. தரவுத்தொகுப்பை ஆய்வுப்பங்களிப்பாக நம் மதிப்பீட்டுக் குழுக்கள் ஏற்கத் தொடங்கினால் இத்தயக்கம் இன்னும் குறையும்.

9. முடிவுரை

தனிமின்னாவணம் என்பது கோப்புகளின் பெருக்கத்தால் உருவாவதில்லை. மூலத்தடம், பனுவல், படிமம் ஆகிய மூன்றும் ஓர் எண்ணால் இணைக்கப்பட்டு, ஆவணம் கூறுவதும் ஆய்வாளர் ஊகிப்பதும் பிரித்துக் காட்டப்படும்போதே சேகரிப்பு ஆவணமாகிறது. மம்சாபுரத்தின் நான்கு மாவட்டப் பெயர்களும், ஒரே வடிவில் தோன்றும் ‘ஸ்ரீ’யின் இரு குறியேற்றங்களும், சுழன்றுவரும் பிரபவ ஆண்டும் இத்தேவை பொதுக்கோட்பாடாக மட்டும் நிற்பதன்று என்பதைக் காட்டுகின்றன. தமிழ்ச்சூழலின் ஒவ்வொரு சிற்றூர்த் தரவிலும் அது உள்ளுறைந்துள்ளது.

ஆய்வாளர் தம் தொகுப்பை மதிப்பிட எளிய சோதனை ஒன்று உண்டு. ஆய்வேட்டின் ஏதேனும் ஓர் அடிக்குறிப்பை உடன்பயிலும் ஒருவரிடம் தந்து, தம் துணையின்றி அதன் மூலக்கோப்பைக் கண்டெடுக்கச் சொல்லவேண்டும். அவரால் கண்டெடுக்க முடிந்தால் ஆவணம் உள்ளது. முடியாவிடின், ஆய்வேட்டை ஒப்படைக்குமுன் திருத்தவேண்டிய இயல் இன்னும் ஒன்று எஞ்சியுள்ளது.